வெட்டிய மரம் மறுபடியும் துளிர்க்கிறதா? தூர் எடுப்பதில் இருந்து கடைசிக் கன்று வரை

"வெட்டி நாற்பது நாள்கூட ஆகவில்லை, ஒரு மரம் நின்ற இடத்தில் இப்போது பத்துப் பன்னிரண்டு கம்பு நிற்கிறது, என்ன செய்யலாம்?" கொல்லையில் நின்ற சீமைக் கருவேலத்தை வெட்டியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நானும் இதே கேள்வியோடு முழித்தவன்தான். பரமக்குடிப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சீமைக் கருவேலம், ஒரு சவுண்டல் (சூபாபுல்), அத்தை ஆசையாக வைத்த ஒரு மரமல்லி. நான்கையும் ஒழிக்க மூன்று வருடம் ஆனது. வரிசை தெரிந்து செய்திருந்தால் பாதி நாளில் முடிந்திருக்கும். அப்புறம் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று ஏழெட்டு இடத்தில் கூட நின்று பார்த்துவிட்டேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். மரத்தைச் சாய்த்ததும் வேலை முடிந்தது என்று கையைக் கழுவிவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மரத்தின் வேரிலும் தூரிலும், அதாவது மண்ணோடு ஒட்டிய அடிக்கட்டையிலும், சாப்பாட்டுச் சேமிப்பு இருக்கிறது. மேலே வெட்டியதும் அந்தச் சேமிப்பைச் செலவழித்துத்தான் மரம் துளிர் விடுகிறது. துளிரில் இலை முற்றியதும் அது சம்பாதித்து வேருக்குத் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிடும். ஆக நமக்கு இரண்டே வழி: துளிர் கிளம்பும் இடத்தையே மண்ணுக்குள்ளிருந்து எடுத்துவிடுவது, இல்லாவிட்டால் சேமிப்பு தீரும்வரை அதைச் சம்பாதிக்க விடாமல் வைத்திருப்பது.

1. மரம் எங்கிருந்து துளிர்க்கும் என்று முதலில் பாருங்கள்

அரிவாளை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. தென்னை, பனை, கமுகுக்கு ஒரே குருத்துதான். வெட்டினால் கதை முடிந்தது, கட்டை தானாக மக்கிவிடும். இந்தக் கட்டுரை அவற்றுக்கு அல்ல.

சீமைக் கருவேலம், சவுண்டல், யூகலிப்டஸ் எல்லாம் தூரில் துளிர்ப்பவை. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத மொட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். மேலே தலை இருக்கும்வரை அவை அடங்கியிருக்கும். தலை போன அன்றே விழித்துக்கொள்ளும்.

மரமல்லி வேறு ரகம். அது தூரில் துளிர்ப்பதோடு நிற்காது, மண்ணுக்கு அடியில் ஓடும் பக்கவேரில் இருந்தும் கன்று விடும். மரம் ஓரிடத்தில் இருக்கும், கன்று குளியலறைக்குப் பின்னால் முளைக்கும். வேம்புகூட வறண்ட இடத்தில் வேரில் காயம் பட்டால் இப்படிக் கன்று விடுவதுண்டு.

ஒதியன், கிளுவை, கல்யாண முருங்கை, பூவரசு போன்றவற்றில் இன்னொரு தொல்லை: வெட்டிப் போட்ட கம்பே ஈர மண்ணில் வேர் பிடித்துவிடும். வெட்டிய கம்புகளை அன்றைக்கே வெயிலில் கல்லின் மேலோ சிமென்ட் தரையிலோ போட்டுக் காய விடுங்கள்.

முளைத்திருப்பது விதைக்கன்றா வேர்க்கன்றா என்று சந்தேகம் வந்தால் பக்கத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் கிளறிப் பாருங்கள். நேராகக் கீழே இறங்கும் சொந்த ஆணிவேர் இருந்தால் விதையில் வந்தது. படுக்கை வசமாக ஓடும் ஒரு தடித்த வேரின் முதுகில் உட்கார்ந்திருந்தால் வேரில் வந்தது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் இந்தச் சோதனையைத் தவற விடாதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

கடப்பாரை, மண்வெட்டி, கோடாரி, நல்ல பதமான அரிவாள், ஒரு கைவாள், மண் அள்ளப் பாண்டு. முள்மரம் என்றால் கவைக்கம்பு ஒன்று கட்டாயம், கிளையைக் கையால் தொடாமல் அமுக்கி இழுப்பதற்கு. வேர் வெட்டப் பழைய கோடாரியை ஒதுக்கி வையுங்கள். மண்ணில் வேர் வெட்டிய கோடாரி அன்றோடு மொட்டையாகிவிடும், நல்ல கோடாரியைப் பாழாக்க வேண்டாம்.

காலுக்கு ரப்பர் செருப்பு போதாது. சீமைக் கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு பாதத்துக்கு வந்துவிடும். தடித்த அடி உள்ள ஷூ, தோல் கையுறை, கண்ணாடி. முள் ஆழமாகக் குத்தி உள்ளேயே ஒடிந்துவிட்டால், அதுவும் மூட்டுக்குப் பக்கத்தில் என்றால், ஊக்கை வைத்து நோண்டாமல் மருத்துவரிடம் போங்கள், டி.டி. (டெட்டனஸ்) ஊசி போட்டு எத்தனை வருடமானது என்று அவரே கேட்பார். நான் இரண்டு நாள் நோண்டிவிட்டு அப்புறம் போய்த் திட்டு வாங்கினேன்.

இன்னொரு முன்வேலை, மண்ணுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று விசாரிப்பது. தண்ணீர்க் குழாய், செப்டிக் டேங்க், மோட்டாருக்குப் போகும் கேபிள். வீடு கட்டியவர்கள் ஊரில் இருந்தால் கேட்டுவிடுங்கள். மேலே மின்கம்பி போனால் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லாமல் கிளையில் கை வைக்காதீர்கள்.

மரம் உங்கள் எல்லைக்குள்தான் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். தெருவோர மரம் உங்களுடையது அல்ல, அதற்கு அனுமதி வேண்டும். மலைப்பகுதி என்றால் சட்டம் தனி, சந்தனம் மாதிரி மரம் என்றால் வனத்துறையைக் கேட்காமல் தொடவே கூடாது.

3. எப்போது தொடங்குவது

எங்கள் பக்கம் தை, மாசி. ஐப்பசி கார்த்திகை மழை விட்டு, மண் ஈரமாக ஆனால் சேறாக இல்லாமல் இருக்கும் நேரம். அப்போது கடப்பாரை வெண்ணெய் மாதிரி இறங்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இறங்கும். அதே கரிசல் மண்ணைச் சித்திரையில் குத்திப் பாருங்கள், கடப்பாரைதான் வளையும்.

இரண்டாவது காரணம் விதை. சீமைக் கருவேலம் கோடையில்தான் நிறையக் காய் பழுத்து உதிர்க்கும். அதற்கு முன்பே மரத்தை முடித்துவிட்டால் ஒரு வருட விதை மண்ணில் சேராது. காய் விழுந்த பிறகுதான் முடிந்தது என்றால் முதலில் காயைக் கூட்டி அள்ளி எரித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். ஆட்டுக்குப் போடலாமே என்பார்கள். ஆடு காயைத் தின்னும், விதை புழுக்கையோடு உயிரோடு வெளியே வரும், உரமும் சேர்த்துக் கிடைத்த மாதிரி அங்கங்கே முளைக்கும்.

4. யாரிடம் வெட்டக் கொடுப்பது

விறகுக்காரர்கள் வந்து "நாங்களே வெட்டிக்கிறோம், காசு வேண்டாம்" என்பார்கள். நல்ல பேரம் மாதிரித்தான் தோன்றும். ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்குச் சீமைக் கருவேலம் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை அறுக்கிற பயிர். மறுபடி தழைக்கும்படி வெட்டுவதுதான் அவர்கள் தொழில், அதில் கெட்டிக்காரர்கள். தூரைத் தொடாமல், பட்டை கிழியாமல், சுத்தமாக ஒரு அடி உயரத்தில் வெட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு வருடத்தில் முன்பைவிட அடர்த்தியாக நிற்கும். தப்பு அவர்கள் மேல் இல்லை, நாம் எதைக் கேட்டோமோ அதைச் செய்தார்கள்.

விறகு அவர்களுக்குப் போகட்டும், ஆனால் "தூரோடு எடுத்துத் தர வேண்டும்" என்று முதலிலேயே பேசுங்கள். குழி எவ்வளவு ஆழம் என்பதையும் பேசுங்கள், இல்லாவிட்டால் தூர் எடுத்தேன் என்று மண்ணோடு மட்டமாக வெட்டி மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போவார்கள்.

ஜே.சி.பி. என்றாலும் இதே எச்சரிக்கை. ஓட்டுநர் அவசரத்தில் வாளியால் மரத்தைத் தள்ளிச் சாய்ப்பார், தண்டு மண்மட்டத்தில் முறியும், கழுத்து உள்ளேயே இருக்கும். சுற்றிலும் மண்ணை எடுத்துவிட்டு அடியில் வாளியைக் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று தூர் வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்த மரத்துக்கு விடுங்கள். காம்பவுண்டுச் சுவருக்கு ஆறேழு அடிக்குள் மரம் இருந்தால் நான் இயந்திரத்தைக் கூப்பிட மாட்டேன், வேர் சுவரின் அடியில் போயிருந்தால் சுவரும் சேர்ந்து கிளம்பும்.

5. மட்டமாக வெட்டாதீர்கள், இடுப்பளவு விடுங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு இது. அசிங்கமாக நிற்கிறதே என்று தண்டைத் தரையோடு அறுத்துவிடுவார்கள். அப்புறம் தூரைத் தோண்டும்போது பிடித்து ஆட்ட ஒன்றுமே இருக்காது.

தோண்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் கிளைகளை எல்லாம் கழித்துவிட்டு, தண்டை மூன்றடிக்குக் குறையாமல் விட்டு வெட்டுங்கள். அந்த மூன்றடிதான் நெம்புகோல். பக்கவேர்களை வெட்ட வெட்ட அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் இன்னும் வேர் பிடித்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். கயிறு கட்டி இழுக்கவும் அதுதான் வேண்டும்.

தோண்ட முடியாத இடம், பட்டினி போட்டோ மருந்து தடவியோதான் ஒழிக்க வேண்டும் என்றால் மட்டும் தரையோடு ஒட்டி வெட்டுங்கள். ஆக எந்த வழி என்பதை வாளை வைப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

6. தூர் எடுத்தல்

முழு வேரையும் எடுக்க வேண்டும் என்று பயந்துதான் பலர் இந்த வேலையைத் தொடுவதே இல்லை. சீமைக் கருவேலத்தின் ஆணிவேர் எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டால் மலைத்துப்போவீர்கள். ஆனால் நமக்கு அது தேவையே இல்லை. மொட்டு இருப்பது கழுத்துப் பகுதியில், தண்டின் அடியில் இருந்து சுமார் ஒரு அடிக்குள். அதை எடுத்துவிட்டால் போதும். நான் எடுத்த தூர்களில் அதற்குக் கீழே விட்டுவந்த வேர் ஒன்றுகூடத் துளிர்த்ததில்லை.

தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டம் போட்டு, சுற்றிலும் ஒரு முழ ஆழத்துக்குக் குழி எடுங்கள். தண்டை ஒட்டித் தோண்டினால் கோடாரி வீச இடம் இருக்காது, வேரை வெட்டுவதாக நினைத்துக் காலில்தான் வெட்டிக்கொள்வீர்கள்.

பக்கவேர் ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் வெட்டுங்கள்: குழியின் ஓரத்தில் ஒரு வெட்டு, தூரை ஒட்டி ஒரு வெட்டு, நடுத்துண்டை எடுத்து வெளியே போட்டுவிடுங்கள். ஒரே வெட்டோடு விட்டால் தூரை ஆட்டும்போது வேர் முனைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அசைய விடாது.

பக்கவேர் எல்லாம் போன பிறகு தண்டை நாலு பக்கமும் ஆட்டுங்கள். ஆணிவேர் மட்டும்தான் மிச்சம் என்றால் சுற்றி அசையும். குழியின் அடியில் ஒரு பக்கமாகச் சரித்துத் தோண்டி, ஆணிவேரை ஒரு அடிக்குக் கீழே வெட்டுங்கள். வெட்டு வாயைப் பாருங்கள். வெட்டிய இடத்துக்கு மேலே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டதா, பிளந்த துண்டு ஏதாவது குழியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? தூரை மேலே வைத்து, குழியில் விட்டுவந்த பகுதியோடு பொருத்திப் பார்ப்பேன் நான். வேடிக்கையாக இருக்கும், ஆனால் இரண்டு தடவை இந்தப் பொருத்திப் பார்த்தலில்தான் கையளவு கழுத்துத் துண்டு உள்ளே தங்கியது தெரிந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தது. எங்கள் இடத்தில் வீடு கட்டும்போது மனையை உயர்த்த இரண்டு அடி கிராவல் அடித்திருந்தார்கள். அப்போதே நின்ற மரம் அது. நான் இப்போதைய தரையில் இருந்து ஒரு அடி அளந்து வெட்டினேன், வேர் என்று நினைத்து வெட்டியது புதைந்துபோன தண்டு. அடுத்த ஆவணியில் அதே குழியில் இருந்து ஏழு துளிர். ஒரு அடி என்பதைத் தரையில் இருந்து அளக்காதீர்கள், முதல் தடித்த பக்கவேர் பிரியும் இடத்தில் இருந்து அளங்கள்.

சவுண்டலுக்கும் இதே முறைதான். அதில் முள் இல்லை என்பதே பெரிய நிம்மதி.

7. தோண்ட முடியாத இடத்தில்: பட்டினி

சுவரோரம், செப்டிக் டேங்க் பக்கம், குழாய் மேல் நிற்கும் மரத்தைத் தோண்ட முடியாது. தரையோடு வெட்டிவிட்டுத் துளிரை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இது வேலை செய்யும், ஆனால் எப்போது ஒடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

துளிர் ஒரு சாண் உயரம் வந்து, இலை விரிந்து, இன்னும் இளம்பச்சையாக இருக்கும்போது ஒடியுங்கள். அந்த நேரத்தில் வேர் செலவு செய்திருக்கும், வரவு எதுவும் வந்திருக்காது. இடுப்பளவு வளர்ந்து இலை கரும்பச்சை ஆன பிறகு வெட்டினால் வேர் போட்ட முதலை வட்டியோடு எடுத்துவிட்டது என்று அர்த்தம். மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து வெட்டுகிறவர்கள் வருடக்கணக்காக வெட்டிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

மழைக்காலத்தில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கோடையில் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அரிவாளால் வெட்டாதீர்கள், துளிரைக் கீழ்நோக்கி இழுத்துக் கிழியுங்கள். அடியில் கொஞ்சம் பட்டையோடு வரும். வெட்டினால் வெட்டுக்குக் கீழே மிஞ்சிய கணுவில் இரண்டு துளிர் புதிதாகக் கிளம்பும், கிழித்தால் அந்த இடத்து மொட்டும் சேர்ந்து போய்விடும்.

கட்டையை மூடி வைப்பதும் உதவும். கருப்புத் தார்ப்பாயை இரண்டு மடிப்பாகக் கட்டையின் மேல் போட்டு, சுற்றிலும் ஒரு கை நீளத்துக்கு விரித்து, ஓரத்தில் கல்லும் மண்ணும் போடுங்கள். பழைய பிளெக்ஸ் பேனர் எங்கே பார்த்தாலும் கிடக்கிறதே என்று நான் அதைத்தான் முதலில் போட்டேன். அதன் வழியாக வெளிச்சம் கசியும், துளிர் உள்ளேயே வெளுத்து வளர்ந்து ஓரமாக வெளியே எட்டிப் பார்த்தது. ஒரு கோடை வெயிலில் பேனரும் பொடிந்துவிட்டது. மூடியிருக்கிறதே என்று மறந்தும் போகாதீர்கள், மாதம் ஒருமுறை தூக்கிப் பார்த்து வெளுத்த துளிரை ஒடித்துவிட்டு மூடுங்கள்.

8. உப்பு, ஆசிட், பெருங்காயம்

தூரில் துளை போட்டுப் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுவிடும் என்று ஊரில் சொல்வார்கள். வைத்துப் பார்த்தேன். மரம் நன்றாகத்தான் இருந்தது, பெருங்காயம்தான் வீணாகப் போனது. பாதரசம் வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு, விஷம் அது, கிணறும் போர்வெல்லும் இருக்கும் கொல்லையில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

கல் உப்பை மூட்டையாகக் கொட்டுவது அடுத்தது. தூர் சாக வேண்டுமானால் அவ்வளவு உப்பு போட வேண்டும், அவ்வளவு போட்டால் மழையில் கரைந்து பக்கத்தில் இருக்கும் எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் போய்ச் சேரும். சீமைக் கருவேலமோ உவர்மண்ணிலேயே வளரும் சாதி. மற்றதெல்லாம் செத்து அது மட்டும் நிற்கும்.

கழிவறை ஆசிட் மேல் கட்டையைக் கருக்கும், கீழே மொட்டுக்குப் போகாது. டீசல், கழிவு ஆயில் ஊற்றினால் மண் பல வருடத்துக்கு நாறும். தூரில் தீ வைப்பதும் இதே கணக்குதான், மண்ணுக்குள் இருக்கும் கழுத்துக்குச் சூடு எட்டுவதில்லை. சில நேரம் காய்ந்த வேர் வழியாக நெருப்பு கனன்றுகொண்டே போய் வேலிப் பக்கம் புகையும், ராத்திரியில் அதைக் கவனிக்க ஆள் இருக்காது.

9. களைக்கொல்லி வேண்டுமென்றால்

கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைக் கடையில் வாங்கி நாமே தடவலாம் என்பதுதான் பொதுவாக எல்லோரும் சொல்லும் வழி. ஆனால் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலம் தவிர மற்றவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2022 அக்டோபரில் ஆணை போட்டது. ஆகவே உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட பிறகு அவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க உங்களுக்குச் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

வெட்டுவதும் தடவுவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். வாள் வெளியே வந்த ஐந்து பத்து நிமிடத்துக்குள் மருந்து படவேண்டும், நேரமானால் வெட்டு வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். காலையில் வெட்டிவிட்டு மாலையில் தடவலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அல்லது தடவும் முன் மேலே இன்னொரு வில்லை அறுக்கச் சொல்லுங்கள்.

தடவ வேண்டியது பட்டைக்கு உள்பக்கமாக ஓடும் மெல்லிய வளையத்தில். உயிர் அங்கேதான் இருக்கிறது. நடுவில் இருக்கும் கருத்த வைரக்கட்டை எப்போதோ செத்தது, அதில் ஊற்றுவது வீண். மரத்தூளையும் மண்ணையும் முதலில் துடைக்க வேண்டும், மண் பட்டால் இந்த மருந்து அதோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். கலங்கல் தண்ணீரில் கலப்பதும் அதனால்தான் கூடாது. அன்றைக்கு மழை வரும் போலிருந்தால் தள்ளிப்போடுங்கள்.

2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதன் எஸ்டர் வகை வெயிலில் ஆவியாகிக் காற்றில் போகும். பக்கத்துக் காட்டில் பருத்தி, தக்காளி இருந்தால் இலை சுருண்டுவிடும், அப்புறம் சண்டைதான். வீட்டுக் கொல்லைக்கு அது வேண்டாம் என்பது என் முடிவு. உண்மையைச் சொன்னால், கிணறு இருபது அடியில் இருக்கும் இடத்தில் நான் எந்த மருந்தையும் விடவில்லை, தோண்டித்தான் எடுத்தேன்.

10. மரமல்லிக்கு மட்டும்

தாய் மரத்தை முதலில் வெட்டியதுதான் நான் செய்த பெரிய தப்பு. வெட்டிய அடுத்த மழையில் முற்றம் முழுக்க கன்று, எண்ணி முப்பத்தாறு. மரம் நிற்கும்போது நாலைந்துதான் வந்துகொண்டிருந்தன.

பிறகு வேறொரு வீட்டில் மாற்றிச் செய்தோம். முதலில், மரம் நிற்கும்போதே தண்டில் நான்கு விரல் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்து, உள்ளே வெள்ளைக் கட்டை தெரியும்வரை சுரண்டினோம். வேர் இன்னும் தண்ணீரை மேலே அனுப்பும், ஆனால் இலை செய்யும் சாப்பாடு வளையத்தைத் தாண்டிக் கீழே வராது. வேர் இருப்பைத் தின்றுகொண்டு மெலியும். வளையத்துக்குக் கீழே துளிர் வரும், கன்றும் வரும், அவற்றை வாரம் தவறாமல் பிய்க்க வேண்டும். இதை விட்டால் வளையம் போட்டதில் அர்த்தமே இல்லை. மேலே இலை உதிர்ந்து கிளை காய்ந்த பிறகுதான் மரத்தை இறக்கினோம். காய்ந்த மரமல்லிக் கிளை சொல்லாமல் ஒடியும், அதன் கீழே கட்டில் போட்டுப் படுக்க வேண்டாம், வண்டியும் நிறுத்த வேண்டாம்.

கன்றை எடுக்கும்போது மண்ணைக் கிளறி, அது உட்கார்ந்திருக்கும் வேரைக் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் ஒரு முழம் வரை அந்த வேரையே உருவி எடுங்கள். கன்றை மட்டும் மேலே வெட்டினால் அதே இடத்தில் மூன்று வரும்.

கன்று உங்கள் வீட்டு மரத்தில் இருந்துதான் வருகிறதா என்றும் பாருங்கள். பக்கத்து வீட்டு மரமல்லியின் வேர் சுவருக்கு அடியில் வந்து கன்று விட்டிருக்கலாம். அதற்கு மருந்து தடவினால் அந்த வீட்டு மரத்துக்கும் போய்ச் சேரும்.

11. குழியை மூடுவது

குழியை உடனே மூடாமல் ஒரு வாரம் வெயிலில் விடுங்கள். பிறகு அரை அடி மண், தண்ணீர், மிதி, மறுபடி அரை அடி மண் என்று மூடுங்கள். ஒரேயடியாகத் தள்ளி மூடினால் அடுத்த மழையில் உள்வாங்கிப் பள்ளம் விழும். வேர் மக்க மக்க இன்னும் கொஞ்சம் இறங்கும், அதனால் மேலே சற்றுக் குவித்தே விடுங்கள். தோண்டிய மண்ணில் விதை கலந்திருக்கும். மேல் மண்ணைக் குழியின் அடியிலும் அடிமண்ணை மேலேயும் போட்டால் பாதி விதை முளைக்க வழியில்லாமல் போகும்.

12. விதை: எல்லோரும் மறப்பது

தூர் போய்விட்டது, துளிர் இல்லை, சரி என்று உட்கார்ந்தால் முதல் நல்ல மழைக்கு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். பச்சைப் பாய் விரித்த மாதிரி சீமைக் கருவேலக் கன்று. விதையின் மேல் தோல் கெட்டி, வருடக்கணக்காக மண்ணில் கிடந்து, மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கும். சவுண்டலும் அப்படித்தான்.

மண் ஈரமாக இருக்கும்போது, கன்று விரல் உயரத்துக்குள் இருக்கும்போது கையால் பிடுங்குங்கள், வேரோடு உருவிக்கொண்டு வரும். பத்து வயதுப் பிள்ளைகளும் செய்யலாம், முள் அப்போது இளசுதான். ஒரு மாதம் விட்டால் மேலே ஒரு சாண், கீழே அதைவிட நீளம், இழுத்தால் தண்டுதான் அறும். அறுந்தால் தூரில் இருந்து நான்கு கிளையாக வரும். அதைவிட அங்கேயே நின்று களைக்கொத்தால் ஒரு சாண் ஆழத்தில் வெட்டி எடுப்பது நல்லது.

வெற்றிடமாக விடுவது அழைப்பு வைத்த மாதிரி. இந்தக் கன்றுகளுக்கு வெயில் வேண்டும், நிழலில் நோஞ்சானாகி நின்றுவிடும். முதல் மழைக்கே தட்டைப்பயறோ சணப்போ நெருக்கமாகத் தூவிவிடுங்கள், தரை மூடிக்கொள்ளும். நீண்ட நாளைக்கு ஒரு புங்கம் வையுங்கள், பழைய குழியில் வேண்டாம், நாலடி தள்ளி, ஏனென்றால் குழி இன்னும் இறங்கும், கன்று சாய்ந்துவிடும்.

13. எப்போது முடிந்தது என்று எடுத்துக்கொள்வது

தோண்டி எடுத்த இடத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கத் துளிர் வராவிட்டால் தூர் முடிந்தது. பட்டினி போட்ட கட்டையில் பட்டையை நகத்தாலோ கத்தி முனையாலோ சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, ஒடிப்பதை நிறுத்தாதீர்கள். பழுப்பாக, காய்ந்து, பட்டை தானாகக் கழன்று வந்தால் அடுத்த மழைக்கு ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

விதைக்கன்றுக்கு மட்டும் இப்படித் தேதி கிடையாது. எங்கள் கொல்லையில் மரங்கள் போய் இத்தனை வருடம் கழித்தும் ஒவ்வொரு ஐப்பசியிலும் குளியலறைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம் ஏழெட்டுக் கன்று தலை காட்டுகிறது. பல் விளக்கப் போகும்போது பிடுங்கிப் போட்டுவிட்டு வருகிறேன்.